உடைப்பதா, எடுத்து வைப்பதா?

பெரியப்பா வீட்டைக் காலி செய்வதற்காக அந்தமானுக்குப் போயிருந்தேன். போர்ட் பிளேர் என்றுதான் எங்கள் குடும்பத்தில் சொல்லிப் பழக்கம். 2024 செப்டம்பரிலிருந்து அரசு ஆவணங்களில் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஜங்லிகாட் பக்கம் மேட்டில் ஒரு தகரக் கூரை வீடு. வாடகை வீடுதான், ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீடு. ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து இளம் வயதில் கப்பலேறிய மனிதர், கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, பெரியம்மா போன பிறகும் ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்து அங்கேயே கண்ணை மூடினார். வீட்டுக்காரர் மூன்று மாதம் பொறுத்தார். அதன் பிறகு பெங்களூரில் இருக்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "பாப்பா, தனியாப் போய் அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. நீயும் வா."

இறந்தவர் வீட்டைத் திறந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். பூட்டிக் கிடந்த துணி, தைல டப்பா, கடைசியாகக் காய்ச்சிய பாலின் கறை. தீவில் அதோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. எதைத் தொட்டாலும் துரு. ஆனால் பெரியப்பா எதையும் எறிந்தவர் இல்லை. ஆணி, திருகு, பழைய டார்ச், கப்பல் டிக்கெட்டின் கிழிசல், 'டெய்லி டெலிகிராம்ஸ்' பத்திரிகைக் கட்டு, காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள். தீவில் வாழ்ந்த அந்தத் தலைமுறையில் யாரும் எதையும் எறிந்ததில்லை. ஊசி நூல் முதல் வெங்காயம் வரை கப்பலில் வர வேண்டியிருந்த இடம். ஒரு பொருள் உடைந்தால் அடுத்தது வரும் கப்பலில்தான்.

வந்தது எல்லாம் கப்பலில் வந்தது. திரும்பிப் போவது அத்தனை எளிதாக இல்லை. சென்னைக்குக் கடல் வழி சுமார் 1,190 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். பெரியப்பாவின் படாக் மரக் கட்டில்தான் வீட்டிலேயே விலையுள்ள பொருள். சிவப்போடிய அந்த மரம் அந்தமானின் பெருமை. ஆனால் 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீவுகளின் காடுகளைக் காக்கப் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு மரத்தைத் தாய்நாட்டுக் கரைக்குக் கொண்டுபோவது லேசான காரியம் அல்ல. மரச்சாமானாக இருந்தாலும் வனத்துறையின் அனுமதிக்கு அலைய வேண்டும். நான்கு நாள் லீவில் வந்திருந்த அண்ணன் கட்டிலின் மேல் உட்கார்ந்து கையை விரித்தான். "என்ன பாப்பா செய்யறது?"

வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தார். கார் நிக்கோபாரைச் சேர்ந்தவர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தீவுகளில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் சொன்னார்: "எங்கள் பாட்டி காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. செத்தவருடைய சாமானையெல்லாம் அன்றைக்கே உடைத்துப் போட்டுவிடுவோம்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் அதிகாரியாக அந்தத் தீவுகளில் 30 வருஷத்துக்கு மேல் இருந்த எட்வர்ட் ஹோரஸ் மேன், 1901-ல் படகில் சுற்றி வந்த போடன் க்ளாஸ் ஆகியோர் இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் இறந்ததும் அவருடைய ஈட்டி, கூடை, பானை, பாத்திரம் எல்லாவற்றையும் உடைத்து, வளைத்து, கிழித்து, கல்லறைக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள், அல்லது அடியில் குவிப்பார்கள். அந்நியர் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்கவும் உடைத்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் இறந்தவரின் பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆவி அதைத் தேடி வரும் என்ற பயத்திலும் உடைத்தார்கள். மேனும் மற்றவர்களும் சேகரித்த நிக்கோபார் பொருள்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் மியூசியத்திலும் கண்ணாடிக்குள் முழுசாக இருக்கின்றன. ஊரிலேயே இருந்திருந்தால் அவற்றில் பாதியாவது யாராவது ஒருவர் இறந்த அன்று உடைந்திருக்கும்.

கேட்பதற்கு ஊதாரித்தனமாகத் தோன்றும் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. நிக்கோபாரில் தென்னந்தோப்பும் பன்றிகளும் தனி மனிதனுடைய சொத்து அல்ல. 'துஹேத்' என்ற கூட்டுக் குடும்பத்தின் சொத்து. ஒருவர் இறந்தால் பங்கு பிரிக்க எதுவும் இல்லை. அவருடையது என்று சொல்லக்கூடியது அவர் கையால் புழங்கிய நாலு பொருள்தான். அதையும் உடைத்துவிட்டால் யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. நம் பக்கத்தில் அம்மா இறந்த பதினாறாம் நாள் இரண்டு நாத்தனார்கள் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழுக்காகப் பேச்சை நிறுத்தி இருபது வருஷம் ஓடிவிட்ட வீடுகளை நான் அறிவேன். நீங்களும் அறிவீர்கள்.

கிறிஸ்தவம் பரவிய பிறகு அந்த வழக்கம் வெகுவாகத் தேய்ந்துவிட்டது. "இப்போது உடைப்பதில்லை" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அந்த மிக்ஸியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். என்னுடையது ரிப்பேர்" என்றார்.

நாமும் உடைக்கிறவர்கள்தான். கொள்ளிக்குடத்தில் ஓட்டை போட்டுச் சிதையைச் சுற்றி வந்து பின்புறமாகப் போட்டு உடைக்கிறோம். பாயையும் தலையணையையும் கொளுத்துகிறோம். கட்டியிருந்த துணியை வண்ணாரிடம் கொடுத்துவிடுகிறோம். அதற்கும் முந்தி, எல்லாவற்றையும் இறந்தவரோடே அனுப்பிவைத்த காலம் ஒன்று இருந்தது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரின் தாழிகளில் எலும்போடு இரும்பு ஆயுதமும் வெண்கலப் பாத்திரமும் மண்பாண்டமும் இருந்தன. 1876-ல் அங்கே தோண்டிய ஜாகோர் கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப் போனார். பின்னால் வந்த அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. பிள்ளைகள் 'இது உனக்கே' என்று மண்ணுக்குள் வைத்ததை, மூவாயிரம் வருஷம் வரை பின்னால் வந்த யாரோ எடுத்துப் பட்டியல் போட்டார்கள்.

நிக்கோபாரில் பொருளோடு விடவில்லை, பெயரையும் விலக்கினார்கள். இறந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது. அங்கே கோழி, தொப்பி, நெருப்பு, பாதை என்றெல்லாம் மனிதருக்குப் பெயர் உண்டு. நெருப்பு என்று பெயர் கொண்டவர் இறந்துவிட்டால் நெருப்புக்கே வேறு சொல் தேட வேண்டும். பழைய சொல் மொழியிலிருந்து போய்விடும். இதைக் கவனித்து எழுதியவர் ஃப்ரெடரிக் அடால்ஃப் டி ரோப்ஸ்டார்ஃப் என்ற டேனிஷ்காரர். நங்கவுரித் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றத்துக்குப் பொறுப்பதிகாரி. அவர் எழுதியதை ஃப்ரேசர் தன் 'கோல்டன் பவ்' நூலில் எடுத்தாண்டு உலகறியச் செய்தார்.

டி ரோப்ஸ்டார்ஃபின் கதையில்தான் எனக்கு மனசு நின்றது. 1883-ல் கமோர்ட்டாவில், காவல் படையைச் சேர்ந்த ஒரு ஹவில்தார் கையால் அவர் கொல்லப்பட்டார். அவர் விட்டுப் போனவற்றில் நங்கவுரி மொழிச் சொற்கள் குறித்த காகிதக் குவியலும் ஒன்று. அவர் மனைவி அதை மூட்டை கட்டி மூலையில் போடவில்லை. வரிசைப்படுத்தி, பதிப்பித்து, அடுத்த வருஷமே, 1884-ல், கல்கத்தாவில் அகராதியாக அச்சேற்றினார். கணவரைக் கொன்ற தீவின் சொற்களை ஒன்றொன்றாக அடுக்கியபோது அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இறந்தவர் பெயரோடு சொல்லே அழிந்துபோகிற ஒரு மொழிக்கு, இறந்தவர் விட்டுப்போன காகிதத்திலிருந்து ஓர் அகராதி கிடைத்தது.

வடக்கே, அந்தமான் பழங்குடியினர் வேறு வழி கண்டிருந்தார்கள். 1906 முதல் 1908 வரை அவர்களிடையே இருந்த ராட்க்ளிஃப்-பிரவுன் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்: பெரியவர் ஒருவர் இறந்தால் குடியிருப்பையே விட்டுவிட்டு வேறு இடம் போய்விடுவார்கள். கிழித்த ஓலைக் குஞ்சத்தை வழியில் கட்டி வைப்பார்கள், வருகிறவருக்குச் செய்தி தெரிவதற்காக. துக்கம் காக்கிறவர்கள் உடம்பில் களிமண் பூசிக்கொள்வார்கள், ஆட மாட்டார்கள், இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மாதங்கள் கழித்து எலும்பைத் தோண்டியெடுத்துக் கழுவி, வண்ணம் பூசி, மாலையாகக் கோத்துப் போட்டுக்கொள்வார்கள். அதன் பிறகு ஓர் ஆட்டம். அதோடு துக்கம் முடிந்தது. பெயரையும் மறுபடி சொல்லலாம். வீட்டைக் காலி செய்வதற்குப் பதில் வீட்டை விட்டே போய்விடுவது, வைத்துக்கொள்வதற்கு எலும்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது!

அந்த மக்களில் ஒருவரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று, சுமார் 85 வயதில் காலமானார். 'போ' மொழி பேசிய கடைசி மனிதர் அவர். பிள்ளைகள் இல்லை. மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடம் உட்கார்ந்து பதிவு செய்து வைத்த பேச்சும் பாட்டும்தான் இன்று அந்த மொழிக்கு மிச்சம். கூடப் பேச ஆளில்லாமல் அவர் பறவைகளோடு பேசுவார் என்று அப்பி எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டி விட்டுப் போன ஆஸ்தியைப் பெற்றுக்கொள்ள வாரிசு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

காலி செய்ய வீடே இல்லாமல் போனவர்களும் அந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்து எல்லா வீட்டையும் அதுவே காலி செய்துவிட்டது. தெற்கு முனையில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போகும்படி நிலமே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோயிற்று. மோசமாக அடிபட்ட தீவுகளில் ஒன்று கச்சால். நிக்கோபார் மக்களோடு நம் ஆட்களும் அங்கே இருந்தார்கள். 1964-ன் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்ட வேலைக்காகக் கச்சாலில் குடியமர்த்தப்பட்ட மலையகத் தமிழர்கள். கண்டிச் சீமையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்த குடும்பங்கள். அலை அந்தப் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை.

உடலும் கிடைக்கவில்லை என்றால் சட்டப்படி ஒருவர் இறந்தாரா என்பதே கேள்வி. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்று 1872-ன் சாட்சியச் சட்டம் சொல்லிற்று. இப்போதுள்ள 2023-ன் புதிய சட்டமும் அதையே சொல்கிறது. சுனாமியில் காணாமல் போனவர்களுக்காக அரசு அந்த நடைமுறையைத் தளர்த்திச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. நல்ல காரியம். ஆனால் நிவாரணத் தொகை துஹேத்துக்குப் போகாமல் தனித்தனிக் குடும்பத்தின் பெயரில் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. பங்கு கேட்க எதுவுமில்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பங்கு கேட்கப் பழகினார்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் போன்றவர்கள் கவலையோடு எழுதியது இதைத்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம்தான் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தோம்.

எங்கள் வீட்டில் பெரியப்பாவின் பேரில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. 1974-ல் அப்பத்தா இறந்தபோது தலைச்சன் பிள்ளை வரவில்லை. கொள்ளி வைத்தது என் அப்பா. "தந்தி அடிச்சும் வரலை. பெத்தவளுக்கு ஒரு மயிரைக்கூட எடுக்காதவன்" என்று அப்பா சொல்லாத தீபாவளி கிடையாது. 2011-ல் தான் கண்மூடும்வரை சொன்னார். அண்ணன் தம்பி இருவரும் அதன் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை.

பெட்டியில் அந்தத் தந்தி இருந்தது. நாலாக மடித்து, மடிப்பில் நைந்து. அதன் கீழே ஒரு காலண்டர் தாள், அதில் அடுத்த சென்னைக் கப்பலின் தேதி வட்டமிடப்பட்டிருந்தது. தந்தி வந்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள் தள்ளி. விமானம் அவர் சம்பளத்துக்கு எட்டாதது. அதற்கும் கீழே ஒரு ஸ்டூடியோ போட்டோ. மொட்டைத் தலை, மீசை இல்லை, ஈர வேட்டி, நெற்றியில் விபூதி. பின்புறம் பேனா எழுத்து: 'அம்மா காரியம். 16-ம் நாள். இங்கேயே கடலில் முடித்தேன்.' கப்பல் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தம்பிக்கு அனுப்பத்தான் எடுத்திருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை? வீம்பா, கூச்சமா, தம்பியின் கடிதம் ஏதாவது முந்திக்கொண்டதா? கேட்டுச் சொல்ல இப்போது இருவரும் இல்லை.

பெட்டியில் ஒரு நோட்டும் இருந்தது. யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்ற கணக்கு. பட்டறை நண்பர்கள், ஊர்க்காரர்கள், முதன்முதலாகத் தீவுக்கு வந்து இறங்கி வேலை தேடிய பையன்கள். பலவற்றில் எதிரே 'வந்தது' என்று கோடு. பலவற்றில் இல்லை. நாலாவது பக்கத்தில் என் அப்பா பெயர். 1979, ரூபாய் 1,500, 'பெரிய குட்டி கல்யாணத்துக்கு'. எதிரே கோடு இல்லை. அக்கா கல்யாணத்துக்கு அண்ணன் காலணா அனுப்பவில்லை என்று அப்பா சொல்லித்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

நான் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என் கையிலிருந்து வாங்கினான், பார்த்தான். "நான் கொடுத்துடறேண்ணே" என்றேன். எவ்வளவு வட்டி, யாரிடம் கொடுப்பது என்றெல்லாம் யோசிக்காமல்.

"அவரே கேக்கலை பாப்பா. கேக்க நான் யாரு?" என்றான். கொல்லைப்புறம் போய், குப்பை எரித்த தகர டப்பாவில் நோட்டைத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டான். ஈரக் காகிதம். பற்றிக்கொள்ள நேரமாயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உடைத்துப் போட வேண்டியது எது, எடுத்து வைக்க வேண்டியது எது என்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை. மற்றவற்றுக்கு இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸில் நாமினியாகப் பெயர் போட்டிருப்பதாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகளுக்காக வாங்கி வைத்துக்கொள்பவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்னது, 2015-ன் சட்டத் திருத்தம் வரை அதுதான் பொதுவான விதியாக இருந்தது. இப்படிப் பணத்துக்கும் நிலத்துக்கும் பாதை உண்டு. தகரப் பெட்டிக்கு இல்லை. ஸ்வீடனில் வயதானவர்கள் தாங்கள் போவதற்கு முன்பே தங்கள் வீட்டைத் தாங்களே ஒழித்து வைப்பதற்கென்று ஒரு சொல்லே இருக்கிறதாம். 2017-ல் அங்கே ஓர் ஓவியர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகமெங்கும் விற்றது. நம் வீடுகளில் அந்தப் பேச்சை எடுத்தால் 'எப்போ போவேன்னு பாக்கறியா' என்பார்கள். ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சொத்தைப் பற்றி அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து, 'இந்த போட்டோவில் ஏன் மொட்டை?' என்று கேட்பதற்காக. பெரியப்பாவிடம் நானோ அண்ணனோ ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

கட்டில் அந்த ஊரிலேயே தங்கிவிட்டது. பட்டறையில் பெரியப்பாவிடம் வேலை கற்ற ஒருவர் வந்து, நாலு பேரோடு தூக்கிக்கொண்டு போனார். மிக்ஸி வேலிக்கு அந்தப்புறம் போயிற்று. உடுப்பெல்லாம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் இறங்கும்போது என் கைப்பையில் தந்தியும் போட்டோவும் மட்டும் இருந்தன.

ஊருக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, வெகுநேரம் பார்த்தாள். பின்னால் எழுதியிருந்ததை என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"இதை உங்கப்பா பாத்திருக்கணும்" என்றாள்.

இப்போது அது கூடத்தில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.